கிளிப் பிளஸ்ஸில் ஒருவழியாகக் குந்தலவராளி

குந்தலவராளி என்ற ராகப் பெயர் என் பாட்டு பிளேயரின் திரையில் முழுசாக வந்துவிட்டது. கு இப்போது கு-வாகவே நிற்கிறது. க தனியாக, அதற்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வட்டமும் கொக்கியுமாக இல்லை. ரீதிகௌளை, பூர்விகல்யாணி, தோடி எல்லாம் சரி. கருவி சான்டிஸ்க்கின் சின்ன எம்பி3 பிளேயரான சான்சா கிளிப் பிளஸ், உள்ளே ராக்பாக்ஸ் (பிளேயரின் சொந்த மென்பொருளுக்குப் பதிலாக நாமே ஏற்றிக்கொள்ளும் இலவச மென்பொருள்), திரை 128-க்கு 64 புள்ளி (பிக்சல்). இனி ஒரு சின்ன பிளேயரிடம் கேட்க எனக்கு ஒன்றுமில்லை என்று எழுதத்தான் ஆசை. பேட்டரி விடமாட்டேன் என்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பாக்கெட்டில் அடங்கும் பிளேயர் தேடுகிற நம் ஆட்கள் பேச்சை எடுத்ததும் டிஏசி சிப் (டிஜிட்டல் கோப்பை ஒலியாக மாற்றும் சிப்) பெயரில்தான் தொடங்குவார்கள். எனக்கு அதில் பெரிய சண்டை இல்லை. நான் கேட்பதில் பாதி பழைய வானொலிப் பதிவு, அதன் கரகரப்பை எந்த சிப்பும் தேய்த்து எடுக்கப்போவதில்லை. எனக்கு வேண்டியது பார்க்காமலே அழுத்தக்கூடிய பொத்தான், கார்டு போட இடம், தடத்துக்குத் தடம் இடைவெளி விழாத ஓட்டம், அப்புறம் தமிழில் தலைப்பு. மாலையில் போக்குவரத்தை நிறுத்திய பிறகு புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் நடக்கிறவர்களுக்குப் பொத்தான் ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. வேர்த்த விரலுக்குத் தொடுதிரை கட்டுப்படாது. ஒலியைக் குறைக்கப் போய்ப் பாட்டு மாறிவிடும்.

இடைவெளி விஷயம் கச்சேரி கேட்கிறவர்களுக்குத்தான் உறைக்கும். சிடியில் ராகம் ஒரு தடம், தானம் ஒரு தடம், பல்லவி ஒரு தடம் என்று வெட்டியிருப்பார்கள். எம்பி3 ஆக்கும்போது குறியாக்கி தலையிலும் வாலிலும் கொஞ்சம் மௌனத்தைச் சேர்த்துவிடும். லேம் என்ற குறியாக்கி என்றால் எவ்வளவு சேர்த்தது என்பதைக் கோப்பின் தலைப்பகுதியிலேயே குறித்து வைக்கும். பிளேயர் அதைப் படித்துக் கத்தரிக்க வேண்டும். மலிவு பிளேயர்கள் பல அதைப் படிப்பதே இல்லை. ஆலாபனை முடிந்து தானம் எடுக்கிற இடத்தில் தம்புரா அறுந்து மறுபடி ஒட்டும். அந்த ஒரு கணம் போதும், கச்சேரியை விட்டு வெளியே வந்துவிடுவேன். ஒலியை இழக்காமல் சுருக்கும் ஃபிளாக் கோப்பாக வைத்திருப்பவர்களுக்கு இந்த மௌனம் சேராது. அப்போதும் பிளேயர் அடுத்த தடத்தை முன்கூட்டியே எடுத்து வைத்திருக்க வேண்டும். ராக்பாக்ஸ் இரண்டையும் ஒழுங்காகச் செய்கிறது.

இந்தக் கணக்கோடு பார்த்தால் பட்டியல் சீக்கிரம் சுருங்கிவிடும். ஷான்லிங் எம்0 கையில் வைத்தால் செல்லமாக இருக்கும், ஆனால் 1.54 அங்குலத் தொடுதிரையை நம்பி நடக்க முடியாது. ஹிடிஸ் ஏபி80-யில் பக்கவாட்டில் பொத்தான் உண்டு. மெனு முழுக்கத் தொடுதிரைதான். சோனி ஏ306 ஆண்ட்ராய்டு, ஆகவே தமிழ் பிரச்சினையே இல்லை. வந்தபோது விலை கால் லட்சம் பக்கம், அளவும் கிட்டத்தட்ட ஒரு குட்டி போன். ஐபாட் ஷஃபிளுக்குத் திரையே கிடையாது, 2017-லேயே நானோவோடு சேர்த்து நிறுத்தியும் விட்டார்கள். ஃபியோவின் ஸ்னோஸ்கை எக்கோ மினி மேல் எனக்கு இன்னும் ஒரு கண் இருக்கிறது. கேசட் மாதிரி முகம், பொத்தான்கள், 4.4 மி.மீ. ஜாக் எல்லாம் சரிதான். ஆனால் எழுத்துரு நம் கையில் இல்லை. அவர்கள் எந்த மொழிக்கு எழுத்து வைத்துத் தருகிறார்களோ அதோடு சரி.

என் தேர்வு இந்த இடத்தில்தான் முடிந்தது: எழுத்துருவை நாமே மாற்றிக்கொள்ள முடிகிற பிளேயர். சின்னதிலேயே சின்னது என்றால் கிளிப் பிளஸ், இல்லாவிட்டால் கிளிப் ஜிப். ஜிப்பில் வண்ணத் திரை, மைக்ரோ யுஎஸ்பி என்று வசதி அதிகம்; ஆனால் திரை 96-க்கு 96. தமிழ் எழுத்து அகலமாகக் கால் நீட்டி உட்காரும் எழுத்து, எனக்கு அந்த 128 புள்ளி அகலம் வேண்டும். பழையது வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கிளிப் என்று பெயர் இருந்தால் போதும் என்று எடுத்துவிடாதீர்கள். பின்னால் வந்த கிளிப் ஸ்போர்ட், கிளிப் ஜாம் இரண்டிலும் ராக்பாக்ஸ் ஏறாது.

இங்கே எங்கே கிடைக்கும்? சண்டே மார்க்கெட்டில் காந்தி வீதி முழுக்க அலசினேன். பழைய சார்ஜரும் ரிமோட்டும்தான் குவிந்து கிடந்தன. கடைசியில் பாரிஸ் மாமா கைகொடுத்தார். புதுச்சேரியில் பாதி வீட்டுக்கு ஒரு பாரிஸ் மாமா இருப்பார், எங்களுக்கும் இருக்கிறார். அங்கே ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் சந்தையில் ஒன்றைப் பிடித்துவந்து கொடுத்துவிட்டு, "என்னடா மாப்ள, எல்லாம்தான் போன்லயே இருக்கே, இந்தத் தீப்பெட்டிக்கா இவ்ளோ அலப்பறை?" என்றார். எடை 24 கிராம்தான். அவர் சொன்னதில் தப்பில்லை.

ராக்பாக்ஸ் ஏற்றும் கதையை விட்டுவிடுகிறேன், எல்லாருக்கும் தெரிந்ததுதான். தமிழுக்கு வருவோம்.

யூனிகோடில் கெ என்று எழுதினால் கோப்பில் முதலில் க, பிறகுதான் ெ. திரையில் காட்டும்போது கொம்பை முன்னால் தூக்கி வைப்பது வரைகிற நிரலின் வேலை. போனிலும் கணினியிலும் அதற்கென்று தனி இயந்திரம் இருக்கிறது. ராக்பாக்ஸ் போன்ற சின்ன மென்பொருள் ஒரு குறியீட்டுக்கு ஒரு வடிவம் என்று வரிசையாக அடுக்கிக்கொண்டே போகும். எல்லா மொழி எழுத்தும் அடங்கிய யூனிஃபாண்ட் எழுத்துருவைப் போட்டால் எழுத்தெல்லாம் வரும், ஆனால் இடம் மாறி. ரீதிகௌளை என்ன கதியாகும் என்று நினைத்துப் பாருங்கள்: கௌ-வுக்குக் கொம்பும் சிறகும் க-வைத் தாண்டி ஒரே மூட்டையாக வந்து நிற்கும், ளை-யின் இணைக்கொம்பு வலதுபக்கம் போய்விடும்.

முதலில் செய்து பார்த்தது பழைய வழி. யூனிகோடுக்கு முந்தைய தகுதர (டிஸ்கி) எழுத்துருக் காலத்தில் பார்க்கிற வரிசையில்தானே தட்டிச் சேமித்தோம்? அதேபோல டேகில் (பாட்டுக் கோப்புக்குள் தலைப்பு, பாடியவர் பெயர் இருக்கும் இடம்) கொம்பை முன்னால் நகர்த்தி எழுதிவிட்டால் வரைகிறவனுக்கு ஒன்றும் தெரியவேண்டாம். பைத்தானில் நாலு வரி. கெ, கே, கை, கொ, கோ எல்லாம் அடங்கிவிட்டன. பைரவி வந்தது, மோகனம் வந்தது, கேதாரகௌளைகூட வந்தது. மாட்டிக்கொண்டது உகரத்தில். கு, டு, து, பு, ரு என்று ஒவ்வொரு மெய்யும் உகரத்துக்கு வேறுவேறு மாதிரி வளைந்துகொடுக்கிறது. ஊகாரம் அதைவிட மோசம். அந்த ஒட்டிய வடிவங்களுக்கு யூனிகோடில் தனிக் குறியீடே கிடையாது. வரிசையை எத்தனை மாற்றினாலும் இல்லாத எழுத்தை எங்கிருந்து கொண்டுவருவது? ராகப் பெயரில் உகரமா இல்லை! குறிஞ்சி, குந்தலவராளி, சுத்த சாவேரி, சுருட்டி, முகாரி.

விடை தமிழ்நாட்டு அரசின் அலமாரியில் கிடந்தது. டேஸ்16. 2010-ல் அரசாணை போட்டு ஏற்ற குறியாக்கம், யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் உட்கார்ந்திருக்கிறது. இதில் 247 எழுத்துக்கும் தனித்தனிக் குறியீடு. ஒவ்வொரு மெய்க்கும் ஒரு வரிசை, அந்த வரிசைக்குள் உயிர்கள் ஒழுங்காக. கு என்பது ஒரே குறியீடு, கௌ என்பதும் ஒரே குறியீடு. சேர்க்க வேண்டியது, நகர்த்த வேண்டியது எதுவுமில்லை. இணையத்தில் இதைத் தேடி யாரும் போவதில்லை. கூகுளுக்கு இந்த எழுத்து கட்டம் கட்டமாகத்தான் தெரியும். ஆனால் வரிசையாக அடுக்க மட்டுமே தெரிந்த ஒரு சின்னத் திரைக்கு இதைவிடப் பொருத்தமானது எது? சொல்லி வைத்து எனக்காகச் செய்தமாதிரி இருந்தது.

எழுத்துரு தமிழ் இணையக் கல்விக்கழகம் இலவசமாகத் தருகிறது. கிளிப் பிளஸ் திரையில் ஒரு புள்ளி ஒன்று எரியும் அல்லது அணையும், நடுவில் சாம்பல் கிடையாது. ஆகவே வழக்கமான டிடிஎஃப் எழுத்துருவை நேராக மாற்றும் வழி உதவாது. ஓடிஎஃப்2பிடிஎஃப் என்ற கருவி மூலம் 14 புள்ளி உயரத்தில் பிடிஎஃப் (BDF, புள்ளி புள்ளியாக வரைந்த எழுத்துரு) ஆக்கி, அதை ராக்பாக்ஸின் மாற்றுக் கருவியான கான்வ்பிடிஎஃப்-இல் போட வேண்டும். இயந்திரம் தந்ததைப் பார்த்தால் அழுகை வரும். ங-வின் உள்வளைவு அடைந்துபோய் ஒரு கட்டை. ஞ-வை யாராலும் அடையாளம் காண முடியாது. மெய்யெழுத்தின் புள்ளி ஒற்றைப் புள்ளியாக விழுந்து, ஓலெட் திரையில் தூசியா எழுத்தா என்று சந்தேகம்.

உட்கார்ந்து கையால் திருத்த ஆரம்பித்தேன். எழுத்துரு வரையும் மென்பொருளான ஃபாண்ட்ஃபோர்ஜில் எழுத்து எழுத்தாகக் கட்டங்களை நிரப்புவதும் அழிப்பதும். கிரந்தத்தையும் சேர்த்தால் முந்நூறைத் தாண்டும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மெய் வரிசை என்று போனது. புள்ளியை இரண்டுக்கு இரண்டாகப் பெரிதாக்கி, எழுத்தின் தலையிலிருந்து ஒரு வரி விலக்கி வைத்தேன். அதற்கு இடம் விட எழுத்தின் உடலை ஒன்பது வரிக்குள் அடக்க வேண்டியிருந்தது. ணகரத்துக்கு மூன்று சுழி, னகரத்துக்கு இரண்டு. சுழிக்கு மூன்று புள்ளி அகலம் கொடுத்தால்தான் நடுவில் ஓட்டை தெரியும், அப்படிக் கொடுத்தால் ண மட்டும் 13 புள்ளி அகலத்துக்குப் போய்விடுகிறது. போகட்டும் என்று விட்டுவிட்டேன். மணம் வேறு, மனம் வேறு.

இந்தத் திரையில் மேல் 16 வரி மஞ்சள், கீழே 48 வரி நீலம். 14 புள்ளி எழுத்து, மேலும் கீழும் ஒரு வரி விட்டு, அந்த மஞ்சள் பட்டைக்குள் அச்சாக உட்கார்ந்துகொள்கிறது. ராகப் பெயர் மஞ்சளில், பாடியவர் பெயர் நீலத்தில். இந்தப் பெருமையை எங்கேயாவது சொல்லியாக வேண்டும், சொல்லிவிட்டேன்.

டேக் மாற்றுவதற்கு முட்டாஜென் என்ற பைத்தான் நிரலகம். கணினியில் இருக்கும் மூலத் தொகுப்பைத் தொடுவதே இல்லை, அது யூனிகோடிலேயே இருக்கட்டும். கார்டுக்கு நகல் போகும்போது மட்டும் டேஸ்16 ஆக மாற்றி, ஐடி3 2.3 வகை டேகாக, யுடிஎஃப்-16 குறியாக்கத்தில் எழுதுகிறேன். கார்டை எடுத்துப் போனில் போட்டால் தலைப்பெல்லாம் வெறும் கட்டம்தான், அது தெரிந்தே செய்வது. பழைய ஐடி3 1 டேக் ஒட்டிக்கொண்டிருந்தால் துடைத்துவிடுங்கள். தலைப்புக்கு 30 பைட்தான் அதில், தமிழுக்கு எந்த மூலைக்கும் காணாது.

கேட்காமலே கிடைத்த லாபம் ஒன்று. யூனிகோடு வரிசையில் ந-வுக்கு அடுத்து ன, ர-வுக்கு அடுத்து ற, ச-வுக்கு அடுத்து ஜ என்று இருக்கும்; பட்டியலை அகர வரிசைப்படுத்தினால் நமக்குப் பழக்கமில்லாத இடத்தில் போய்த் தேட வேண்டும். டேஸ்16-ல் குறியீடே நெடுங்கணக்கு வரிசையில் இருப்பதால், ராக்பாக்ஸ் தனக்குத் தெரியாமலேயே அகராதி ஒழுங்கில் அடுக்கித் தருகிறது.

கார்டு விஷயத்தில் ஒரு புலம்பல். 128 ஜிபி என்று ஒரு கடையில் கொடுத்தது பார்க்க அசல் மாதிரியே இருந்தது. கார்டின் உண்மையான கொள்ளளவைச் சோதிக்கும் எஃப்3 நிரலை வைத்துச் சோதித்தால் கால்வாசிக்கு மேல் எழுதியது எதுவும் திரும்பி வரவில்லை. மலிவு கார்டு எதுவானாலும் பாட்டு ஏற்றுவதற்கு முன் சோதனையை ஓடவிடுங்கள். பெரிய கார்டு எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு அமைப்பில் வரும். எம்கேஎஃப்எஸ் என்ற லினக்ஸ் கட்டளை கொண்டு பழைய ஃபேட்32 ஆக்கினால்தான் கிளிப் பிளஸ் ஏற்றுக்கொள்கிறது.

கடலோரத்தில் இருக்கிறவர்களுக்கு: உப்புக் காற்றில் இயர்போன் ஜாக் பச்சை பூக்கும், ஒரு பக்கம் மட்டும் கேட்க ஆரம்பித்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சு போதும். ஜாக் சுத்தமானதும் எஃப்எம்மும் தெளிந்துவிட்டது. இயர்போன் ஒயர்தானே ஆன்டெனா. புதுச்சேரி ரெயின்போ 102.8 இப்போது சொக்கத் தங்கம்.

இனி பேட்டரி. நிறுவனம் சொன்னது 15 மணி நேரம். என்னுடையது ஒரு முழுக் கச்சேரியைத் தாங்கினால் அன்றைக்கு நல்ல நாள். அதே அளவில் லித்தியம் பாலிமர் பேட்டரி தேடிக்கொண்டிருக்கிறேன். நேரு வீதிப் பக்கம் மொபைல் சரிசெய்யும் தம்பி, "பேட்டரி கொண்டாங்கண்ணே, பத்து நிமிஷ வேலை" என்கிறான், பிளேயரின் மேல் ஓட்டைப் பிரிக்கிற பொறுப்பு மட்டும் என்னுடையதாம். கிளிப்பை உடைக்காமல் ஓட்டைப் பிரித்தவர்கள் யாராவது இருந்தால் எந்தப் பக்கத்திலிருந்து நெம்பினீர்கள் என்று சொல்லுங்கள்.

அதற்குள் இன்னொரு வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டேன். நீலப் பகுதியில் 14 புள்ளி எழுத்துக்கு மூன்று வரிதான் கொள்கிறது. 12 புள்ளியில் ஒன்று வரைந்தால் நான்கு வரி பட்டியல் தெரியும். க, ங, ச, ஞ, ட வரிசைகள் முடிந்தன. அடுத்தது ண. மூன்று சுழியை 11 புள்ளிக்குள் அடக்க முடியுமா என்று தாளில் கட்டம் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.