18ஆ, 19ஆ, 21ஆ? மூன்று மாநிலங்களுக்கு நடுவே என் சைல்டு சப்போர்ட் கேஸ்

போன வாரம்தான் டெக்சாஸ் கோர்ட் ஆர்டர் கைக்கு வந்தது. எரிச்சல் இன்னும் அடங்கவில்லை, அதனால் இங்கே கொட்டிவிடுகிறேன்.

விவாகரத்தும் சைல்டு சப்போர்ட் (பிள்ளையின் பராமரிப்புத் தொகை) ஆர்டரும் நியூயார்க்கில் ஆனவை. பிறகு நானும் பையனும் நியூ ஜெர்சிக்கு வந்துவிட்டோம். பையனின் அப்பா டெக்சாஸுக்குப் போய்ச் சம்பளமும் நன்றாக ஏறியதும், தொகையைக் கூட்டிக் கேட்கலாம் என்று இங்கே உள்ளூர் அலுவலகத்துக்குப் போனேன். பிள்ளை எங்கே இருக்கிறானோ அங்கேதான் கேஸ் என்று சொல்லி, அங்கிருந்த கிளர்க் ஒரு கட்டு ஃபாரத்தை நீட்டினார். போதாக்குறைக்கு, எப்படியும் 19 வயதோடு நின்றுவிடும் என்றார். பையனின் அப்பாவோ, டெக்சாஸில் 18தான், ஸ்கூல் முடிந்தால் கணக்கும் முடிந்தது என்று மெசேஜ் போடுகிறார். என் ஆர்டரில் இருப்பது 21.

நியூ ஜெர்சியில் போட்ட மனு மாதக்கணக்கில் கிடந்தது. கடைசியில் விசாரணைக்கு வந்த வேகத்திலேயே தள்ளுபடி. காரணம் யூஇஃப்சா, அதாவது எல்லா மாநிலங்களிலும் இருக்கும் மாநிலங்களுக்கிடையிலான ஜீவனாம்சச் சட்டம். அப்பா, அம்மா, பிள்ளை மூவரில் ஒருவராவது ஆர்டர் போட்ட மாநிலத்தில் இருக்கும்வரை, அதை மாற்றும் அதிகாரம் அங்கேதான். எல்லோரும் வெளியேறிவிட்டால், மாற்றம் கேட்பவர் எதிராளி இருக்கும் மாநிலத்துக்குப் போக வேண்டும். சரி, இதில் ஒரு ஆறுதல்: தொகையைக் குறைக்க வேண்டுமானால் அவரும் நியூ ஜெர்சிக்குத்தான் வந்தாக வேண்டும். வயிற்றெரிச்சல் என்னவென்றால், டெக்சாஸில் அவருக்கு நோட்டீஸ் போவதற்கு முந்தைய காலத்துக்குக் கூடுதல் தொகை கிடையாது. கிளர்க் பேச்சைக் கேட்டுக் காத்திருந்த மாதங்களின் வித்தியாசம் போனது போனதுதான்.

அடுத்தது சர்டிஃபைடு காப்பி, அதாவது கோர்ட் முத்திரை போட்ட பிரதி. டெக்சாஸில் மனு போட நியூயார்க் ஆர்டரை அங்கே பதிவு செய்ய இரண்டு பிரதி வேண்டும், ஒன்று சர்டிஃபைடாக இருக்க வேண்டும். நியூயார்க்கில் குடும்ப நீதிமன்றத்துக்குப் போனால், விவாகரத்து ஃபைல் இங்கே இல்லை, கவுண்டி கிளர்க்கிடம் போங்கள் என்றார்கள். (அங்கே விவாகரத்து நடப்பது சுப்ரீம் கோர்ட்டில்; பேர்தான் பெரிசு, கீழ்க் கோர்ட்தான்.) அங்கே போனால் ஐடி கேட்டார்கள், சம்பந்தப்பட்டவர்களைத் தவிர யாருக்கும் ஃபைலைக் காட்டமாட்டார்களாம். ஃபைலில் என் கடைசிப் பெயர் அவருடைய பெயர், லைசென்ஸில் அப்பா பெயர். பெயரை மாற்றியதற்கு ஆதாரம் எங்கே என்று கவுன்ட்டர் அம்மாள் கேட்க, நீங்கள் தரமாட்டேன் என்கிற அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது என்றேன்! சிரிக்கக்கூட இல்லை. போனில் வைத்திருந்த ஸ்கேனைத் திறந்து, பழைய பெயருக்குத் திரும்பலாம் என்ற பத்தியைப் பெரிதாக்கி அவருடைய மேலதிகாரியிடம் காட்டிய பிறகுதான் முத்திரை விழுந்தது. நம்மைப் போலக் கணவர் பெயரோ அப்பா பெயரோ கடைசிப் பெயராகிப் போனவர்கள் பழைய பாஸ்போர்ட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். காப்பியும் இரண்டு மூன்றாக வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம் பதிவு, நோட்டீஸ் எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. நான் டெக்சாஸ் போகவே இல்லை, வீடியோவிலேயே சாட்சி சொல்ல விட்டார்கள்.

விசாரணையில் அவர் லாயர் மறுபடி அந்த 18ஐ எடுத்தார். ஜட்ஜ் ஆர்டரைப் புரட்டிப் பார்த்துவிட்டு, தொகையை டெக்சாஸ் கணக்கில் போடலாம், எத்தனை வயது வரை என்பது முதலில் ஆர்டர் போட்ட மாநிலத்தின் சட்டப்படிதான், 21 என்றால் 21தான் என்று முடித்துவிட்டார். எனக்கு எழுந்து விசிலடிக்கத் தோன்றியது.

தொகை விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை, மாநிலம் மாறினால் கணக்கும் மாறும். நியூயார்க்கில் ஒரு பிள்ளைக்கு வருமானத்தில் 17%, டெக்சாஸில் 20%. ஆனால் டெக்சாஸ் பிடிப்பது வரி போன பிறகான வருமானத்தில், அதற்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. எனக்குக் கூடியது, சிலருக்குக் குறையவும் குறையலாம், மனு போடும் முன் கணக்குப் போட்டுப் பாருங்கள். எதிர்த்தரப்பு வேறு மாநில ஆர்டரை உங்கள் மாநிலத்தில் பதிவு செய்து உங்களுக்கு நோட்டீஸ் வந்தால், ஆட்சேபிக்க 20 நாள்தான். கவரைப் பிரிக்காமல் வைத்துவிடாதீர்கள்.