உங்க பைக்குன்னா போடுவீங்களா?

"உங்க சொந்த பைக்குன்னா இதைப் போடுவீங்களா அண்ணே?"

அந்தத் தம்பி கேட்டது இவ்வளவுதான். "ஏன் போடாம?" என்றேன். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் ஒரு வினாடிகூட இருந்திருக்காது. யோசித்துச் சொல்லியிருந்தால், சொன்னது பொய்யா மெய்யா என்றாவது இன்றைக்கு எனக்குத் தெரிந்திருக்கும்.

வண்டி பி.எஸ்.ஏ. பி31, பழைய இங்கிலாந்து மோட்டார் சைக்கிள். 350 என்போம், கணக்குக்கு 348 சிசி. 1945இலிருந்து 1959 வரை வந்த மொடல். 1975இல் கம்பனித் தேயிலைத் தோட்டங்களை இலங்கை அரசாங்கம் எடுத்தபோது, ஊருக்குக் கிளம்பிய துரையிடம் அவனுடைய அப்பா வாங்கியது. அப்பா ஃபெக்டரியில் டீ மேக்கராக இருந்தவர். இப்போது காலை ஊன்ற முடியாமல் பொகவந்தலாவை வீட்டு வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் ஒரு தரம் அந்தச் சத்தத்தைக் கேட்க வேண்டும், அதுதான் அவசரம்.

பிளாக், அதாவது பிஸ்டன் ஓடுகிற சிலிண்டர், ஏற்கெனவே உள்ளே கடைந்து 60 தௌ போர் பண்ணியது. அங்குலத்தை ஆயிரமாகப் பங்கு போட்டால் அதில் ஒரு பங்குதான் ஒரு தௌ. 71 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய போர் 72.5 ஆகிவிட்டது. அதற்கு மேல் சைஸில் பிஸ்டன் தேடி அலைவதைவிட உள்ளே லைனர் என்கிற இரும்புக் குழாயை அடித்து பழைய அளவுக்கே கொண்டுவருவதுதான் வழி. இங்கிலாந்திலிருந்து லைனர் எடுக்கலாம். 2022க்குப் பிறகு ஸ்டேர்லிங் பவுணின் விலையைப் பார்த்தவர்கள் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. லொறி லைனர் ஒன்றை லேத்தில் கடைந்து குறைத்தேன். மேலே விளிம்பு விட்டுத்தான் கடைந்தேன். ஹெட்டை இறுக்கினால் விளிம்பு அடியில் மாட்டிக்கொள்ளும், லைனர் கீழே இறங்காது. இதை இவ்வளவு விளக்கமாகச் சொல்வதே என் பக்கத்து நியாயத்துக்காகத்தான், தெரிகிறது.

பிளாக்கை போர் பண்ணி இரவு முழுக்க ஆறவிட்டேன். சூட்டோடு அளந்தால் இரும்பு ஏமாற்றும். காலையில் மைக்ரோமீட்டரை வைத்துப் பார்த்தால் லைனர் பிளாக்கைவிட மேலே இரண்டரை தௌ பெரிது. சரி, அப்படிப் பெரிதாக இருந்தால்தான் இறுக்கிப் பிடிக்கும். அடிப்பக்கம் ஒரு தௌதான். என் லேத்தில் மறுமுனையைத் தாங்குகிற டெயில்ஸ்டாக் கொஞ்சம் விலகி நின்றிருக்கிறது, கடைசல் சரிவாகிவிட்டது. திரும்ப அளந்தேன். மூன்றாம் தரமும் அளந்தேன். மூன்றாம் தரம் அளக்கிறவன் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் விளங்கும். அப்போதுதான் அவன் கேட்டான்.

என்ன செய்திருக்க வேண்டும்? "லைனர் பழுது தம்பி, வேறு ஒன்று கொண்டு வா" என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அடிப்பக்கத்தில் பெரிய சூடு இல்லையே. நெருப்பு எரிவது மேலே. அங்கே லைனர் பிளாக்கோடு இறுக்கிப் பிடித்தால்தான் சூடு வெளியே இறங்கும். அது பிடித்திருக்கிறது. இதைவிட மோசமாக அடித்த லைனர்கள் இந்த மலையில் எத்தனை ஓடுகின்றன. இந்த வாதத்தில் பிழை ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. அவனிடம் இதையே சொல்லியிருக்கலாம் என்பதைத் தவிர.

அன்றைக்கே லைனர் சுருங்கட்டும் என்று மீன் கடை ஃப்ரீஸரில் போட்டேன். பின்னேரம் பாண் இறக்கின பிறகு பிளாக் விரியட்டும் என்று பேக்கரிப் போரணையில் வைத்தோம். பேக்கரிக்காரர் சிரிப்பார், ஆனால் அந்தப் போரணைச் சூடு மாதிரி எல்லாப் பக்கமும் ஒரே சீராக ஏறுகிற சூட்டை கேஸ் டோர்ச் தராது. லைனரை எடுத்தபோது வெளியெல்லாம் வெள்ளைப் பனி. துடைத்து, நேராகப் பிடித்து, விட்டேன். ணங் என்று ஒரே போக்கில் இறங்கியது. நடுவில் நின்றிருந்தால் கதை முடிந்திருக்கும். கை நடுங்கவில்லை. அந்த வேலையில் நான் கெட்டிக்காரன்தான்.

வண்டியை எடுக்க வந்த அன்று அவன் என் மேசைக்குக் கீழே குனிந்து பார்த்தான். சாக்கில் சுற்றிய இன்னொரு பி31 பிளாக். "இது யாருடையது அண்ணே?" "ஒருத்தர் தந்துட்டுப் போனார், ஆள் வரல." அது என்னுடையது. என் வண்டியின் பிளாக். மூன்று வருடமாக லைனருக்குக் காத்துக் கிடக்கிறது. லொறி லைனர் போட மனசு வராமல்தான் கிடக்கிறது என்று சொல்ல மாட்டேன், நேரமும் கிடைக்கவில்லை. இரண்டும்தான். எது முதல் என்று என்னைக் கேட்காதீர்கள்.

500 மைலுக்கு மெதுவாக ஓட்டு, டிக்கோயாவிலிருந்து ஹட்டனுக்கு ஏறும்போது மேல் கியரில் இழுக்கவிடாதே, காலைக் குளிரில் ஸ்டார்ட் பண்ணினால் சோக்கைச் சீக்கிரம் தள்ளிவிடு, இல்லாவிட்டால் பெற்றோல் சிலிண்டர் சுவரில் இருக்கிற எண்ணெயைக் கழுவிவிடும் என்றெல்லாம் சொல்லி அனுப்பினேன். நியாயமான புத்திமதிதான். ஆனால் நாளைக்கு ஏதாவது ஆனால் அவன் ஓட்டின விதம் என்று சொல்ல ஒரு வாசலைத் திறந்து வைத்தேனோ என்றும் தோன்றுகிறது.

பதினான்கு மாதமாகிறது. ஒன்றும் ஆகவில்லை. அப்பா சத்தம் கேட்டுக் கதிரையின் கையைத் தட்டினாராம். கொஞ்சம் நீலப் புகை வருகிறது என்றான், பிஸ்டன் ரிங் இன்னும் உட்காரவில்லை என்றேன். இருக்கலாம். ரோட்டில் பி.எஸ்.ஏ. சத்தம் கேட்டால் கையில் இருப்பதை வைத்துவிட்டுக் காது கொடுக்கிறேன், அவ்வளவுதான்.

போன கிழமை ஒரு பொட்டலம் தேயிலையோடு வந்தான். மறுபடி மேசைக்குக் கீழே பார்த்தான்.

"இன்னும் கிடக்கா இது? ஆள் வரலன்னா எனக்கு விலைக்குத் தாங்களேன் அண்ணே. ஸ்பேரா வச்சுக்கிறேன். அதே மாதிரி லைனர் அடிச்சிடலாம்."

"கேட்டுச் சொல்றேன் தம்பி" என்றேன்.