79 பல், 42 பல்

மார்ச் 2, 2025

கையால் சுற்றும் சூரியக் குடும்ப மாதிரி ஒன்று செய்யப்போகிறேன். கைப்பிடியின் ஒரு சுற்று ஒரு வருடம். பூமிக்கு 63 பல்லும் 63 பல்லும் போதும். வெள்ளி 8 வருடத்தில் ஏறக்குறைய 13 முறை சுற்றிவிடும், ஆகவே 78க்கு 48. அதுவும் முடிந்தது.

செவ்வாய்தான் இடிக்கிறது. அதன் ஒரு சுற்றுக்கு 686.98 நாள், பூமிக்கு 365.256. வகுத்தால் 1.8808. சக்கரத்தில் அரைப் பல், கால் பல் வெட்ட முடியாதே!

மார்ச் 5

இதே சிக்கல் 17ஆம் நூற்றாண்டு டச்சு அறிவியலாளர் ஹைகன்ஸுக்கும் வந்திருக்கிறது. 1682இல் அவருடைய கோள் இயந்திரத்தை ஹேக் நகரக் கடிகாரக்காரர் வான் கூலன் செய்து கொடுத்தார். சனிக்கும் பூமிக்கும் ஹைகன்ஸ் கணக்கிட்ட விகிதம் 77708431க்கு 2640858. அவர் முழு எண்ணை எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தைத் தலைகீழாக்கி, மறுபடி முழு எண்ணை எடுத்து, இப்படியே போனார். தொடர் பின்னம். நடுவில் 206/7 கிடைத்ததும் நிறுத்திக்கொண்டார். அந்த இயந்திரம் இன்றும் லைடன் நகரில், புர்ஹாவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எங்கே நிறுத்துவது என்று தெரிந்திருந்ததே, அதைத்தான் நான் வியக்கிறேன்.

மார்ச் 9

செவ்வாய்க்கு அதே வழியில் போட்டுப் பார்த்தேன். 15/8, 32/17, 47/25, அப்புறம் 79/42. கடைசியானது நூறு வருடத்துக்கு ஒன்றரை டிகிரிகூட விலகாது. அதுவும் ஒரே ஜோடிச் சக்கரத்தில்!

வியாழனுக்கு 12, பிறகு 83/7. சனிக்கு 59/2. இந்த எண்களை எங்கோ பார்த்திருக்கிறேனே என்று தேடினால், பாபிலோனியர் களிமண் பலகைகளில் இருக்கின்றன. கோள்கள் பழைய இடத்துக்குத் திரும்பிவர அவர்கள் வைத்திருந்த கணக்கு: வெள்ளிக்கு 8 வருடம், செவ்வாய்க்கு 47, 79, வியாழனுக்கு 71, 83, சனிக்கு 59. வானத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துக் குறித்தவர்களின் எண்கள் என் பல் கணக்கில் வந்து நிற்கின்றன. நெடுநேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நமக்கும் வியாழ வட்டம் 12 வருடம்தான். ஆனால் 7 சுற்றுக்கு 84 ஆகாமல் 83தான் ஆகிறது, ஒரு வருடம் குறைகிறது. ஹரித்வார் கும்பமேளா 2010க்கு அடுத்து 2021லேயே வந்தது இதனால்தான்.

மார்ச் 12

லேத் பட்டறை. "79 வேணாம் சார், 80 போட்டுக்கலாம். டிவைடிங் ஹெட்டுல அரைச் சுற்று அரைச் சுற்றா வெட்டிடலாம்" என்றார் பட்டறைக்காரர். டிவைடிங் ஹெட் என்பது துளைத் தட்டு வைத்துச் சக்கரத்தைச் சம பாகங்களாகத் திருப்பும் கருவி. 79 பகா எண், அவரிடமிருந்த தட்டுகளில் அந்தத் துளை வட்டம் இல்லை. அவர் சொல்வது நியாயம்தான். ஆனால் 80 போட்டால் வருடத்துக்கு 2.4 டிகிரி பிசகும், பத்தே வருடத்தில் செவ்வாய் முக்கால் ராசி தள்ளி நிற்கும். எனக்கு மனசு வரவில்லை. வயர் கட்டிங்கில் (மின்சாரம் பாயும் கம்பியால் வெட்டும் முறை) கொடுத்துவிட்டேன்.

மார்ச் 16

தவறு செய்துவிட்டேன். பூமி ஜோடியில் மொத்தம் 126 பல், வெள்ளியிலும் 126. மாடுல் (பல்லின் அளவைச் சொல்லும் எண்) 1 என்பதால் அச்சுகளுக்கு நடுவே அதில் பாதி, 63 மி.மீ. செவ்வாய் ஜோடியில் மொத்தம் 121 பல்தான், 60.5 மி.மீ. வேண்டும். அதையும் பூமியையும் வெள்ளியையும் ஓட்டும் அதே பக்க அச்சில் மாட்டி, துளையும் போட்டாயிற்று. அச்சு இரண்டரை மி.மீ. தள்ளிப்போனதால் பற்கள் ஒன்றையொன்று தொடவேயில்லை. நடுவில் இன்னொரு சக்கரம் வைத்தால் செவ்வாய் எதிர்த்திசையில் ஓடும்.

மார்ச் 18

வழி கிடைத்தது. செவ்வாய்க்குத் தனியாக ஒரு பக்க அச்சு, நடுவிலிருந்து 60.5 மி.மீ. தள்ளி. பூமிக் குழாயிலிருந்து (பூமியைத் தாங்கிச் சுற்றும் நடுக் குழாய்) அதை ஓட்ட மாடுல் 0.5இல் 121க்கு 121. இதுவும் சரியாக 60.5! திசையும் மாறாது. காகிதத்தில் நாலு முறை சரிபார்த்தேன்.

மார்ச் 30

சக்கரங்கள் வந்தன, பூட்டினேன். 79இல் ஒரு பல்லிலும் அது கடிக்கும் 42இன் பல்லிடுக்கிலும் சிவப்பு மை வைத்தேன். இரண்டு எண்ணுக்கும் பொதுக் காரணி கிடையாது, அதனால் கைப்பிடியின் 79 சுற்றுக்கு முன் அவை சந்திக்கக் கூடாது. மெதுவாக எண்ணிக்கொண்டே சுற்றினேன். 77. 78. அப்போதும் சிவப்பு இரண்டும் சந்திக்கவில்லை. 79இல் ஒன்றுக்குள் ஒன்று வந்து உட்கார்ந்தது.