வெள்ளித்தோல் மிக்-21: செட்டிநாட்டு வெயிலிலும் தூசியிலும்

சோவியத் போர் விமானமான மிக்-21 இந்திய விமானப்படைக்கு 1963-இல் வந்தது. 2025 செப்டம்பரில் விடைபெற்றது. இத்தனை ஆண்டுகளில் அது பூண்ட கோலங்களில் பிளாஸ்டிக் மாடலாகச் செய்ய மிக அழகானது, வண்ணமே பூசாத அலுமினியத் தோலோடு பறந்த மிக்-21எஃப்எல் வகைதான். 1971 போருக்காக இவற்றில் பலவற்றின் மேல் அவசரமாகப் பச்சை பூசினார்கள். அதனால் எந்த ஆண்டு, எந்த விமானம் என்பதைப் புகைப்படம் பார்த்து முடிவு செய்துவிட்டு மாடல் பெட்டியைத் திறங்கள். 1/72 அளவில் (அசலில் 72-இல் ஒரு பங்கு) இறக்கை நுனிக்கு நுனி 10 செ.மீ.தான் வரும். 1/48 என்றால் 15 செ.மீ. முதன்முறை வெள்ளி அடிப்பவர் 1/48 எடுப்பது நல்லது.

பச்சையோ சாம்பலோ அடித்தால் சின்னச் சின்னக் கீறல்கள் அதற்குள் அமுங்கிவிடும். உலோக வண்ணம் எதையும் மறைக்காது, இருக்கிற குறையை எடுத்துக் காட்டும். நம் செட்டிநாட்டு வீட்டுச் சுண்ணாம்புச் சுவர்கள் மாதிரிதான்: அடிப்பூச்சு ஒவ்வொன்றையும் தேய்த்துச் சமன் செய்ததால்தான் மேலே முட்டை வெள்ளைக்கரு சேர்த்த பூச்சு இன்றும் கண்ணாடியாக நிற்கிறது. ஆகவே இந்த வேலையில் முக்கால்வாசி நேரம், காற்றழுத்தத்தால் வண்ணம் தூவும் ஏர்பிரஷைத் தொடும் முன்பே செலவாகிவிடும்.

முதலில் பாகங்களை அவை ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்தோடு சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பசை இருந்தால் பின்னால் டேப்போடு வண்ணமும் உரிந்து வரும். உட்காரும் இடத்தில் பழைய வெள்ளை வேட்டி ஒன்றை விரித்துக்கொள்ளுங்கள். ஆத்தங்குடித் தரையின் பூவேலைக்குள் விழுந்த 2 மி.மீ. துண்டைத் தேடி எடுப்பது பெரும்பாடு.

உடலின் இரு பாதிகளையும் ஒட்டுமுன் டேப் போட்டுப் பிடித்து, பின்சக்கரங்கள் வரும் இடத்தில் விரல் கொடுத்துத் தூக்கிப் பாருங்கள். வால் சாய்ந்தால் மூக்குக்குள் தூண்டில் ஈயக்குண்டு வையுங்கள். ஒட்டிய பிறகு இதற்கு வழியில்லை.

ஒட்டுவதற்கு டாமியா நிறுவனத்தின் பச்சை மூடி எக்ஸ்ட்ரா தின் என்ற ஒட்டுத் திரவம் போதும். இணைப்பில் தூரிகை நுனியைத் தொட்டால் தானே உள்ளே ஓடும். லேசாக அழுத்தினால் உருகிய பிளாஸ்டிக் மெல்லிய கோடாக வெளியே பிதுங்கும். அதை அப்படியே விட்டு, குறைந்தது ஒரு முழு நாள் கழித்துத் தேயுங்கள். அவசரப்பட்டால் உள்ளே ஈரமாக இருக்கும் இணைப்பு ஒரு வாரத்தில் சுருங்கி, வெள்ளிக்கு அடியில் பள்ளமாகத் தெரியும். பள்ளம் நிரப்பப் பட்டியைவிட ஃபெவிக்விக் நல்லது, ஏனென்றால் பட்டி வண்ணத்தைக் குடித்து மங்கலாக நிற்கும். ஆனால் ஃபெவிக்விக் போட்ட ஒரு மணி நேரத்துக்குள் தேய்த்துவிட வேண்டும். மறுநாள் அது பிளாஸ்டிக்கைவிடக் கெட்டியாகிவிடும். தேய்க்கும்போது அதைச் சுற்றியுள்ள பகுதிதான் கரையும்.

வாட்டர் பேப்பர் 400, 600, 1000, 2000 என்று வரிசையாக, தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். ஒரு படியைத் தாண்டினால் முந்தைய தாளின் கீறல் போகாது. தேய்ந்துபோன பேனல் கோடுகளை (உலோகத் தகடுகளின் இணைப்பைக் காட்டும் கோடுகளை) கெட்டியான டேப்பை அணைத்து வைத்து மறுபடி கீறுங்கள். சரிபார்க்க முற்றத்தில் காலை வெளிச்சம் சாய்ந்து விழும் நேரத்துக்கு ஈடாக எந்த விளக்கும் இல்லை. மாடலை மெதுவாகச் சுழற்றினால் மேடு பள்ளம் நிழலாகத் தெரியும்.

அடுத்து பளபளக்கும் கறுப்பு அடிப்பூச்சு. லாக்கர் கறுப்பு ஒரு பங்குக்கு லெவலிங் தின்னர் (மெதுவாகக் காய்ந்து வண்ணத்தைச் சமமாகப் பரவவிடும் தின்னர்) ஒன்றரைப் பங்கு, அழுத்தம் 15 பிஎஸ்ஐ, நாசில் 0.3 மி.மீ., தூரம் 5 முதல் 7 செ.மீ. முதலில் தூவலாக இரண்டு பூச்சு, பிறகு ஈரமாக ஒன்று. நம்ம பக்கத்துச் சித்திரை, வைகாசி வெயிலில் வண்ணத்துளி காற்றிலேயே காய்ந்து, மாடல் மேல் மணல் ஒட்டியது போல் சொரசொரப்பாக விழும். மெதுவாகக் காயும் தின்னரும் அதிகாலை நேரமும்தான் இதற்கு மருந்து. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சிக்கல் வேறு: தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன்மேல் படிந்து, கறுப்பு வெள்ளையாகப் பூத்துவிடும். வெயில் வரும்வரை காத்திருங்கள். ஏர்பிரஷுக்குக் காற்று தரும் கம்ப்ரஸரின் தொட்டியில் சேரும் தண்ணீரையும் தினம் வடியுங்கள்.

வளவில் (முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில்) அடிப்பதானால் காற்று முற்றத்தை நோக்கிப் போகும் பக்கமாக நின்று, ஆவியைத் தடுக்கும் கார்ட்ரிட்ஜ் முகமூடி போட்டுக்கொள்ளுங்கள். அருகில் விளக்கோ அடுப்போ எரியக் கூடாது. அடித்த கையோடு பிளாஸ்டிக் டப்பாவால் மூடுங்கள், தூசி ஒரு நிமிடம்கூடப் பொறுக்காது. வெயிலில் காயவைக்கவே வேண்டாம், மெல்லிய இறக்கை வளைந்துவிடும்.

கறுப்பு இரண்டு நாள் காய்ந்த பின் ஆல்கிளாட் என்ற உலோக வண்ணத்தில் அலுமினிய நிறம். இதற்குத் தின்னர் வேண்டாம். 12 முதல் 15 பிஎஸ்ஐயில், பனி போல மெல்லியதாக. கறுப்பு மறைந்த நொடியில் நிறுத்துங்கள். அதற்கு மேல் அடித்தால் உலோகம் போய்ச் சாம்பல் வண்ணம்தான் மிஞ்சும். பிறகு சில பேனல்களை மட்டும் டேப்பால் பிரித்துச் சற்றே கருத்த அலுமினியமும், வால் முனையில் எரிந்த எஃகு நிறமும் கொடுத்தால்தான் உயிர் வரும். டேப்பின் ஒட்டும் தன்மையைக் கண்ணாடியில் இரண்டு முறை ஒட்டி எடுத்துக் குறைத்துக்கொள்ளுங்கள். மூக்குக் கூம்புக்குள் ரேடார் இருப்பதால் அது உலோகம் இல்லை. அதற்கு வெள்ளி அடிக்கக் கூடாது.

காவி, வெள்ளை, பச்சை வட்ட டீகால்களை (நனைத்து ஒட்டும் சின்னங்களை) ஊறவைக்கப் பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீரே எடுங்கள். நம் போர்வெல் தண்ணீரின் உப்பு காய்ந்ததும் அலுமினியத்தின் மேல் வெண்திட்டாக நிற்கும். டீகாலை மென்மையாக்கும் திரவத்தை முதலில் வெள்ளி அடித்த பிளாஸ்டிக் கரண்டியில் சோதியுங்கள். சில உலோக வண்ணங்கள் அதில் கறுத்துவிடும்.

விமானியறைக் கண்ணாடிக்கு ஃபெவிக்விக் பக்கமே போகாதீர்கள், அதன் ஆவி கண்ணாடியை வெள்ளையாக்கிவிடும். ஃபெவிகால் போதும், வழிந்தால் ஈரத்துணியால் துடைக்கலாம். மூக்கில் நீண்டிருக்கும், வேகம் அளக்கும் பிட்டோ குழாயை எல்லாம் முடிந்த பிறகு ஒட்டுங்கள். மாடல் பெட்டியில் வரும் பிளாஸ்டிக் குழாய் கை பட்டால் முறியும். மெல்லிய பித்தளைக் குழாய் கிடைத்தால் அதையே வெட்டி வையுங்கள்.