அம்மாவுக்காக எடுத்த பால்குடம்

சிங்கப்பூரில் எங்கள் வீட்டில் தைப்பூசப் பால்குடம் என்பது அம்மாவுடைய கணக்கு. அப்பா இருந்த காலத்திலிருந்தே அப்படித்தான். கொரோனாவால் 2021, 2022 இரண்டு வருஷமும் பாதயாத்திரை இல்லாமல் போனபோது, "முருகன் கணக்குல பாக்கி விழுந்துடுச்சே" என்று புலம்பிக்கொண்டே இருந்தார். 2023இல் வழி திறந்ததும், வீங்கிய காலோடு சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் வரைக்கும் நடந்தே தீர்த்தார். அதற்கப்புறம் அவரால் முடியவில்லை. சர்க்கரை நோய் இரண்டு சிறுநீரகங்களையும் தின்றுவிட்டது. 2025 தைப்பூசம் நெருங்கியபோது என்னைக் கூப்பிட்டு, "இந்த வருஷம் நீ எடும்மா. நீ எடுத்தா நான் எடுத்த மாதிரிதான்" என்றார்.

பால்குடம் எடுக்க எனக்குத் தயக்கமே இல்லை. அந்த வருஷம் என்னிடம் வந்து சேர்ந்த இன்னொரு பொறுப்புதான் என் தூக்கத்தைப் பறித்திருந்தது.

சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு டயாலிசிஸ் இரண்டு விதம். நிலையத்துக்குப் போய் ரத்தத்தைச் சுத்தப்படுத்திக்கொள்வது ஒன்று. அதற்கு வாரத்தில் 3 நாள் போய்வர வேண்டும். வயிற்றில் ஒரு மெல்லிய குழாயைப் பொருத்தி, மருந்துக் கரைசலை உள்ளே விட்டு, சில மணி நேரம் கழித்து வெளியே எடுப்பது மற்றொன்று. இதை வீட்டிலேயே செய்யலாம். அம்மா வீட்டு முறையைக் கேட்டார். வயசான காலத்தில் வண்டி ஏறி இறங்க அவருக்கு விருப்பமில்லை, அதுவும் நியாயம்தான். ஆனால் செய்யப் போவது யார்? கண் பார்வை மங்கிய அம்மாவால் முடியாது. பகல் நேரத்துக்கு ஒரு உதவிக்காரம்மா இருக்கிறார். அதிகாலையும் ராத்திரியும் என் பாடு.

தாதி ஒருவர் எனக்கும் தம்பிக்கும் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். சன்னலைச் சாத்து, மின்விசிறியை நிறுத்து, முகக்கவசம் போடு, கையை முழங்கை வரை தேய்த்துக் கழுவித் துடை. 2 லிட்டர் பையை உயரத்தில் மாட்டு. பழைய கரைசலை வடியவிடு, புதியதை ஏற்று. குழாய் முனையில் விரல் பட்டுவிடக் கூடாது. பட்டால் கிருமி நேராக வயிற்றுக்குள் போகும். வடிந்த தண்ணீர் தெளிவாக, இளமஞ்சளாக இருக்க வேண்டும். கலங்கி இருந்தால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். ஒரு நாளைக்கு 4 தடவை இப்படி.

பெற்ற தாயின் வயிற்றுக்குள் போகிற குழாயை என் கையில் பிடித்திருக்கிறேன் என்ற நினைப்பே கையை நடுங்க வைக்கும். தம்பி பயிற்சியில் கூடவே நின்று எல்லாவற்றையும் கற்றுக்கொண்டான், ஆனால் வீட்டுக்கு வந்ததும், "என்னால தொட முடியாதுக்கா" என்று விலகிவிட்டான். அவனைக் கோபித்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. ஒவ்வொரு தடவையும் மூடியைத் திருகுவதற்கு முன் ஒரு விநாடி கண்ணை மூடி "முருகா" என்பேன். அதைச் சொல்லாமல் நான் அந்தக் குழாயைத் தொட்டதே இல்லை.

தைப்பூசம் 2025இல் பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை. 1968க்கு அப்புறம் நமக்கு அது பொது விடுமுறை கிடையாதே, அதனால் விடுப்பு எழுதிக் கொடுத்தேன். ராத்திரிப் பையை மாற்றிவிட்டு, அம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டுக் கிளம்பினேன். அதிகாலை 6 மணிப் பைக்குத் திரும்பி வந்துவிடலாம் என்பது என் கணக்கு. 3 கிலோமீட்டருக்குச் சற்று மேலான தூரம்தானே. எதிர்வீட்டு அக்காவும் கூட வந்தார். என் கைப்பேசி, மாற்றுத் துணி எல்லாம் அவர் பையில்.

சிராங்கூன் சாலையில் நடுநிசிக்கு மேல் கால் வைத்தால் பகல் மாதிரி வெளிச்சம். பெருமாள் சன்னதியில் கும்பிட்டு, குடத்தைத் தலையில் ஏற்றி, "வேல் வேல்" என்றதும் உடம்பு சிலிர்த்துவிட்டது. தேக்கா வரைக்கும் நடை நன்றாகவே போனது. சிலிகி ரோடு வந்தபோது பாதம் எரிய ஆரம்பித்தது. அப்புறம் ஒரே நெரிசல். ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும்: குடம் சுமந்து வருகிறவர்களுக்கு நடுவில் புகுந்து, நின்று, திரும்பி, தன் முகத்தைப் படம் எடுத்துக்கொள்கிறவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பின்னால் வருகிற ஒரு பாட்டி தலையில் பாலோடு திடீரென்று நிற்க வேண்டியிருக்கிறது. கட்டணம் கட்டி, நேரம் வாங்கி, விரதம் இருந்து வருகிறவர்களை முந்திக்கொண்டு தடுப்புக்குள் நுழைகிறவர்களையும் பார்த்தேன். தொண்டூழியர்கள் எத்தனை பேருக்குத்தான் பதில் சொல்வார்கள்! பாவம், தொண்டை கட்டிப்போய்க் கையால்தான் சைகை காட்டினார்கள்.

டோபி காட் பக்கம் உறுமி மேளம் கேட்டதும் கால் தானாக நடந்தது. பினாங்கு ரோடு தாண்டி, கிளமென்சோ அவென்யூவில் வரிசை நின்றது. நின்றது என்றால் அப்படியே நின்றுவிட்டது. கழுத்து கல்லாக இறுகியது. அக்காவிடம் மணி கேட்டேன். ஐந்தை நெருங்கிக்கொண்டிருந்தது. கோயில் கோபுரம் இன்னும் கண்ணில் படவில்லை. 6 மணிக்கு யார் பை மாற்றுவார்கள்? கொஞ்சம் தாமதமானால் ஒன்றும் ஆகாது என்று தாதி சொல்லியிருக்கிறார், இருந்தாலும் வயிற்றைப் பிசைந்தது. குடத்தை இறக்கி யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன்.

அப்போதுதான் இடும்பன் நினைவுக்கு வந்தான். அகத்தியர் சொன்னார் என்பதற்காகச் சிவகிரியையும் சக்திகிரியையும் பாம்பை உறியாகக் கட்டித் தோளில் தூக்கி வந்தவன். பழனியில் சற்று இளைப்பாற இறக்கிவைத்தான், மறுபடி எடுக்க முடியவில்லை. அத்தனை தூரம் சுமந்து வந்த அதே தோள்தான். அதுவரை சுமந்தது தன் பலம் என்று அவன் நினைத்திருப்பான். சிறுவனாக மலை மேல் நின்ற முருகனோடு மோதி விழுந்து, எழுந்த பிறகுதான் அவனுக்குப் புரிந்தது. சூரனை வெல்லக் கிளம்பிய முருகனே வெறுங்கையோடு போகவில்லையே! இந்தத் தைப்பூசத்தன்றுதானே தாயிடம் வேலாயுதத்தை வாங்கிக்கொண்டான்? அவனே கை நீட்டி வாங்கியிருக்கிறான். நான் எல்லாவற்றையும் என் கையாலேயே செய்து முடித்துவிட வேண்டும் என்று மல்லுக்கட்டிக்கொண்டு நிற்கிறேன். "நீ பாத்துக்கோ முருகா" என்று வாய்விட்டுச் சொன்னேன். பக்கத்தில் நின்ற தம்பதி திரும்பிப் பார்த்தார்கள். அந்த அம்மாள் ஒன்றும் கேட்கவில்லை, தன் முந்தானையால் என் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டார். நான் குடத்தை விடவில்லை.

1859இல் நகரத்தார் எழுப்பிய கோயில் அது. அந்தக் காலத்தில் கடல் கடந்து வந்தவர்கள் இதே இடத்தில் நின்று என்னென்ன பயங்களை அவனிடம் கொட்டியிருப்பார்கள்! உள்ளே போனபோது மணி என்ன என்று நான் பார்க்கவில்லை. பாலை வாங்கி அபிஷேகத்துக்கு ஊற்றினார்கள். தண்டாயுதபாணி முன்னால் எனக்குக் கிடைத்தது கண் இமைக்கிற நேரம்தான், பின்னால் தள்ளுகிறார்கள். அம்மாவின் ஆயுசு, தம்பிக்குக் கல்யாணம், மகனின் படிப்பு என்று வழி நெடுக அடுக்கிவைத்திருந்த வேண்டுதல்களில் ஒன்றும் வாயில் வரவில்லை. வேலும் தண்டமும் பிடித்த அந்தக் கையை மட்டும்தான் பார்த்தேன். கையிலிருந்து கண் நகரவே இல்லை. "என் கையைப் பிடிச்சுக்கோ" என்றேன். அவ்வளவுதான். எனக்குள் ஏதோ ஒன்று இளகிப் போனது. நடுக்கம் நின்றுவிட்டது. அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, அனுபவித்தவர்களுக்குப் புரியும்.

வெளியே வந்து கைப்பேசியை வாங்கினால் தம்பியிடமிருந்து வரிசையாக அழைப்புகள். ஈரக்குலை நடுங்க அவனைக் கூப்பிட்டேன்.

"அக்கா, பதறாதீங்க. பையை நானே மாத்திட்டேன்."

"நீயா?"

"அம்மா பக்கத்துல உக்காந்து ஒவ்வொன்னா சொன்னாங்க. முருகா முருகான்னு சொல்லிக்கிட்டே செஞ்சேன். எங்கயும் கை படல. வடிஞ்ச தண்ணி தெளிவா இருக்குக்கா, படம் அனுப்பியிருக்கேன் பாருங்க."

படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். கண்ணாடி மாதிரித் தெளிவு. அன்னதான வரிசையில் நின்றுகொண்டு தேம்பித் தேம்பி அழுதேன். என் கையைப் பிடி என்று நான் கேட்டேன், அவன் என் தம்பியின் கையையும் சேர்த்தல்லவா பிடித்திருக்கிறான்! பயந்து விலகி நின்ற பிள்ளை, நான் ஒரு வார்த்தை சொல்லாமல், தானாக முன்வந்து அம்மாவுக்குச் செய்திருக்கிறான். நான் நேரத்துக்கு வீட்டுக்குப் போயிருந்தால் அது நடந்திருக்குமா? கிளமென்சோ அவென்யூவில் என்னை நிறுத்திவைத்தது யார் என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

வீட்டுக்குப் போய் அம்மாவுக்கு விபூதி பூசினேன். "பால் சிந்துச்சா?" என்றுதான் முதலில் கேட்டார். சிந்தவில்லை என்றதும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

இப்போது அதிகாலைப் பை தம்பி பொறுப்பு, ராத்திரிப் பை என் பொறுப்பு. தம்பி என்னைவிடச் சுத்தமாகச் செய்கிறான், உண்மையாகத்தான் சொல்கிறேன். சொல்லிக்கொடுத்த தாதி, வியர்வை துடைத்த அந்த அம்மாள், விடிய விடியத் தண்ணீர் கொடுத்த பிள்ளைகள், வெறுங்காலோடு எனக்குத் துணை நடந்த எதிர்வீட்டு அக்கா எல்லாரும் நன்றாக இருக்க வேண்டும். முருகா, நீ கொடுத்ததை நான் எந்த வாயால் சொல்வேன்? நான் கேட்டது எனக்கு மட்டும்தான் அப்பா, நீ எங்கள் வீட்டுக்கே கொடுத்தாய். அரோகரா!