கிளையன்ட் ரிப்போர்ட்டுக்கு ஸ்கிரீன்ஷாட் எடுக்கும் வேலையை சர்வரிடம் விட்ட அனுபவம்

கோவையில் இரண்டு பேர் சேர்ந்து வேர்ட்பிரஸ் சைட் செய்து கொடுக்கிறோம். சைட் செய்வதில் பெரிய தலைவலி இல்லை, செய்து முடித்த பிறகு வரும் ஏஎம்சியில், அதாவது வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தத்தில்தான். ப்ளகின் அப்டேட், பேக்கப், செக்யூரிட்டி எல்லாம் ஒழுங்காக நடந்தால் வெளியில் ஒன்றுமே தெரியாது. ஒன்றும் தெரியாத வேலைக்கு பில் அனுப்பினால் ஜவுளிக்கடை முதலாளி, "ஏனுங்க தம்பி, மாசாமாசம் பணம் வாங்கறீங்க, சைட்டு அப்படியேதானுங்க இருக்குது?" என்பார். அப்படியே இருக்க வைப்பதற்குத்தான் பணம் என்று வாயால் சொன்னால் எடுபடாது. அதனால் அப்டேட்டுக்கு முன் ஒரு படம், பின் ஒரு படம், டெஸ்க்டாப்பில் ஒன்று, மொபைலில் ஒன்று என்று எடுத்து மாத ரிப்போர்ட் பிடிஎஃப்பில் வைக்க ஆரம்பித்தோம்.

கையால் எடுப்பதற்கு குரோமிலேயே வழி இருக்கிறது. டெவ்டூல்ஸை (டெவலப்பர்களுக்கான கருவிப் பலகையை) திறந்து கன்ட்ரோல் ஷிஃப்ட் பி அழுத்தி ஸ்கிரீன்ஷாட் என்று தட்டினால் முழுப் பக்கத்தையும் எடுக்கும் கட்டளை வந்துவிடும். நான்கைந்து சைட்டுக்கு இது போதும். ஹோம், ப்ராடக்ட், செக்-அவுட், கான்டாக்ட் என்று ஒவ்வொரு சைட்டிலும் பக்கங்கள் கூடக் கூட, மாதத்தின் முதல் வாரம் முழுக்க இதிலேயே போனது.

நாமே ஒரு சர்வரில் ஓட்டலாமே என்று யாரும் கேட்பார்கள். ஓட்டலாம். 2017இல் திரையே இல்லாமல் ஓடும் ஹெட்லெஸ் வசதி குரோமிலேயே வந்து, அதே வருடம் ஸ்கிரிப்ட் மூலம் குரோமை ஓட்டும் பப்பெட்டியரும் வந்த பிறகு இது சின்ன ஸ்கிரிப்ட்தான். ஆனால் ஒரு ஜிபி ரேம் உள்ள விபிஎஸ்ஸில் (வாடகைக்கு எடுக்கும் சின்ன சர்வரில்) குரோம் எழுந்து நின்றாலே மெமரி மூச்சு வாங்கும், படம் நிறைந்த ஒரு பக்கத்தைத் திறந்தால் ப்ராசஸ் செத்துவிடும். அப்புறம் அதற்கு ஒரு கண்காணிப்பு, அதற்கு ஒரு ரீஸ்டார்ட் என்று நாம் பராமரிக்க இன்னொரு சைட் சேர்ந்துகொள்ளும். அந்த நேரத்தைக் கணக்குப் பார்த்தால் படம் எடுத்துத் தரும் வெளிச் சேவை ஒன்றுக்கு மாதச் சந்தா கட்டி, நம் ஸ்கிரிப்ட் நேராகக் கூப்பிடும் அதன் ஏபிஐயை வாங்குவது மலிவு என்று முடிவெடுத்தோம்.

ஏபிஐ வேலை செய்யும் விதம் எளிது. ஒரு யூஆர்எல்லில் நம் கீ (சேவை தரும் ரகசியக் குறியீடு), படம் எடுக்க வேண்டிய பக்கம், அகலம், முழுப் பக்கமா இல்லையா என்பதையெல்லாம் சேர்த்துக் கூப்பிட்டால் பிஎன்ஜி திரும்பி வரும். கூகுள் ஷீட்டில் கிளையன்ட் பெயர், பக்க முகவரி என்று பட்டியல் போட்டு, ஷீட்டோடு வரும் ஆப்ஸ் ஸ்கிரிப்ட்டில் கோட் எழுதி வரிசையாகக் கூப்பிட்டு, வந்த படத்தை டிரைவில் கிளையன்ட் ஃபோல்டருக்குள் போடச் சொன்னோம். ஆப்ஸ் ஸ்கிரிப்ட் ஒரு ஓட்டத்துக்கு 6 நிமிடம்தான் தரும், முழுப் பக்கப் படங்கள் மெதுவாக வருபவை, ஆகவே எந்த வரிசை வரை முடிந்தது என்று ஷீட்டிலேயே குறித்துக்கொண்டு தானாக மறுபடி ஓட வைக்கும் டிரிகர் வைத்துத் தொடர வேண்டியிருந்தது. இது வரைக்கும் சுலபம். வந்த படங்களைத் திறந்து பார்த்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்கியது.

முதல் அதிர்ச்சி ஒரு சித்த மருத்துவமனையின் சைட். தலைப்புகள், மெனு, டாக்டர் பெயர் எல்லாம் வரிசையாகக் கட்டம் கட்டமாக வந்திருந்தன, ஆங்கிலத்தில் இருந்த போன் நம்பர் மட்டும் ஒழுங்காக இருந்தது. அந்த ரிப்போர்ட்டை அப்படியே அனுப்பியிருந்தால் சைட்டை ஹேக் பண்ணிவிட்டார்கள் என்று அவர் போலீசுக்கே போயிருப்பார். காரணம் இதுதான்: அந்த சைட்டின் தீமில் தமிழுக்கென்று வெப்ஃபான்ட் (சைட்டோடு சேர்ந்தே இறங்கும் எழுத்துரு) எதுவும் இல்லை, பார்ப்பவரின் கருவியில் உள்ள தமிழ் எழுத்துருவை நம்பியே இதுவரை ஓடிக்கொண்டிருந்தது. விண்டோஸில் நிர்மலா, ஆண்ட்ராய்டில் நோட்டோ சான்ஸ் தமிழ் இருப்பதால் யாருக்கும் குறை தெரியவில்லை. படம் எடுப்பது எங்கோ இருக்கும் ஒரு லினக்ஸ் சர்வர், அதில் யாரும் தமிழ் எழுத்துருவை நிறுவவில்லை. சப்போர்ட்டுக்கு எழுதினோம், "கவனத்தில் எடுத்துக்கொண்டோம்" என்ற ரகத்தில் பதில் வந்தது. காத்திருக்காமல் நோட்டோ சான்ஸ் தமிழை வெப்ஃபான்ட்டாக சைட்டிலேயே சேர்த்தோம். அதன் பிறகும் சில படங்களில் கட்டம் வந்தது, ஃபான்ட் இறங்கி முடிவதற்குள் படம் எடுக்கப்பட்டுவிட்டது, இரண்டு விநாடி தாமதம் கொடுத்ததும் சரியானது. சந்தா கட்டும் முன் எந்தச் சேவையாக இருந்தாலும் இலவச ட்ரையலில் முதலில் ஒரு தமிழ்ப் பக்கத்தைக் கொடுத்துப் பாருங்கள். அதன் ஹோம் பேஜில் இருக்கும் அழகான மாதிரிப் படங்கள் எல்லாம் ஆங்கில சைட்கள்.

அடுத்தது ஜவுளிக்கடை. பட்டுப்புடவை பக்கத்தில் முதல் வரிசைப் புடவைகள் மட்டும் இருந்தன, கீழே முழுக்க வெள்ளை. வேர்ட்பிரஸ் 5.5இலிருந்து, அதாவது 2020 ஆகஸ்ட்டிலிருந்து, படங்களுக்கு லேஸி லோடிங், அதாவது திரைக்கு அருகில் வரும்போது மட்டும் படத்தை இறக்குவது, தானாகவே வருகிறது. மனிதன் ஸ்க்ரோல் செய்தால் படம் இறங்கும், கேமரா ஸ்க்ரோல் செய்யாது. பெரும்பாலான சேவைகளில் பக்கத்தை மேலிருந்து கீழ் வரை ஒருமுறை உருட்டிவிட்டு எடுக்கும் ஆப்ஷன் இருக்கிறது, அதை ஆன் செய்ய வேண்டும். பேஜ் பில்டரில் ஸ்க்ரோல் செய்யும்போது மிதந்து வரும் அனிமேஷன் போட்டிருந்தால் அதற்கு இதுவும் போதாது. நாங்கள் சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் விதிகள்) திணிக்கும் வசதியைப் பயன்படுத்தி, மறைத்து வைக்கும் அந்த கிளாஸை எல்லாம் தெரியும்படி மாற்றிவிட்டோம். அதே சிஎஸ்எஸ்ஸில் வாட்ஸ்அப் பட்டன், சாட் பெட்டி ஆகியவற்றையும் மறைத்தோம், இல்லாவிட்டால் அவை படத்தின் நடுவில் எங்காவது ஒரு புடவையின் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும்.

சாட் பெட்டி இன்னொரு விதத்திலும் படுத்தியது. பக்கம் முழுசாக வந்துவிட்டதா என்று இந்தச் சேவைகள் பெரும்பாலும் தீர்மானிப்பது நெட்வொர்க் அமைதியாக இருப்பதை வைத்துத்தான். பப்பெட்டியரில் இதற்கென்று உள்ள கறாரான அமைப்பின்படி 500 மில்லி விநாடிக்கு எந்த கனெக்‌ஷனும் நடக்காவிட்டால் முடிந்தது என்று பொருள். சாட் பெட்டி சர்வரோடு ஓயாமல் பேசிக்கொண்டே இருப்பதால் அந்த அமைதி வரவே வராது, டைம்-அவுட் ஆகும். இரண்டு கனெக்‌ஷன் வரை ஓடினாலும் பரவாயில்லை என்ற தளர்வான அமைப்புக்கு மாற்றினோம்.

முதல் திரையை முழு உயரத்துக்கு நிரப்பும் பேனர் உள்ள சைட்களில் வேறு வேடிக்கை. முழுப் பக்கத்தை ஒரே மூச்சில் எடுப்பதற்காக சர்வர் தன் திரை உயரத்தையே பக்கத்தின் நீளத்துக்கு இழுக்கிறது, பேனரும் கூடவே இழுபட்டு, பள்ளிக்கூட சைட்டில் கரஸ்பாண்டன்ட் முகம் மட்டும் பல ஆயிரம் பிக்சலுக்கு நீண்டது. பேனருக்கு அதிகபட்ச உயரம் 900 பிக்சல் என்று சிஎஸ்எஸ்ஸில் கட்டிப்போட்டோம்.

திருப்பூர் எக்ஸ்போர்ட்டர் சைட்டில் வந்தது ஊர்ப் பிரச்சினை. சர்வர் ஐரோப்பாவில் இருந்ததால் விலை யூரோவில் வந்தது, குக்கீ அனுமதி கேட்கும் பட்டை பாதிப் பக்கத்தை மறைத்தது. இந்திய சர்வரைத் தேர்ந்தெடுத்ததும் இரண்டும் போயின. ஆனால் அவருடைய வாடிக்கையாளர்கள் ஐரோப்பாக்காரர்கள், அவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்பதுதானே அவருக்கு வேண்டும்? ஆகவே அவருக்கு மட்டும் மறுபடி ஐரோப்பாவுக்கே போய், குக்கீ பட்டையோடு ஒன்று, இல்லாமல் ஒன்று எடுக்கிறோம்.

எரிச்சலூட்டியது பில்தான். சில சைட்களுக்கு முன்னால் பாட்களை (மனிதர் அல்லாத தானியங்கி வருகைகளை) தடுக்கும் பாதுகாப்பு இருக்கிறது, சற்று பொறுங்கள், சரிபார்க்கிறோம் என்று ஒரு பக்கம் வருமே, அதையே அழகாகப் படம் எடுத்து, வெற்றிகரமாக முடிந்தது என்று நம் சந்தாக் கணக்கில் ஒரு படத்தைச் சேவை கழித்துக்கொள்கிறது. பாதுகாப்பு செட்டிங்கும் எங்கள் கையில் இருந்ததால், நாங்கள் மட்டும் அனுப்பும் ஒரு ரகசிய ஹெடர் (கோரிக்கையோடு போகும் அடையாள வரி) வந்தால் தடுக்காதே என்று விதி போட்டோம். கூடவே, கோப்பின் அளவு வழக்கத்தைவிட ரொம்பக் குறைவாக இருந்தால் ஷீட்டில் சிவப்பு அடிக்கச் சொல்லியிருக்கிறோம். அந்தக் காத்திருப்புப் பக்கம் வெறும் வெள்ளையாக இருப்பதால் பிஎன்ஜியும் சின்னதாக வரும், அது இதில் மாட்டிவிடும்.

கேஷ், அதாவது ஏற்கெனவே எடுத்ததைச் சேமித்து வைத்துக் கொடுக்கும் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரே யூஆர்எல்லைத் திரும்பக் கேட்டால் பழைய படத்தையே கொடுப்பது பல சேவைகளில் இயல்பான அமைப்பு. அப்டேட்டுக்கு முன், பின் என்று இரண்டு படம் வேண்டுபவருக்கு அது விஷம், புதிதாக எடு என்று ஒவ்வொரு முறையும் சொல்லியாக வேண்டும்.

ரிப்போர்ட்டில் முழுப் பக்கப் படத்தை ஏ4 தாளுக்குள் அடைத்தால் தையல்காரரின் அளவு நாடா மாதிரி ஒரு கீற்றாகத்தான் தெரியும். இப்போது மொபைலுக்கு 390க்கு 844 அளவில் முதல் திரை மட்டும் தாளில், முழுப் படம் டிரைவ் லிங்க்காக. இடத்தை மிச்சம் பிடிக்க வெப்பி (WebP) வடிவத்துக்கு மாற்ற நினைத்தோம், அதில் படத்தின் நீளமோ அகலமோ 16,383 பிக்சலைத் தாண்ட முடியாது, புடவைப் பட்டியல் அதைச் சர்வசாதாரணமாகத் தாண்டுகிறது, ஆகவே பிஎன்ஜியே.

முன்-பின் படங்களை பிக்சல் பிக்சலாக ஒப்பிடும் ஸ்கிரிப்ட்டும் வைத்தோம். ஸ்லைடர் நகர்ந்ததற்கெல்லாம் அலறியது, ஸ்லைடரை மறைத்த பிறகு அடங்கியது. அப்புறம் ஒரு அப்டேட்டில் மொபைல் செக்-அவுட் பக்கத்தில் ஆர்டர் பட்டன் காணாமல் போனதை அதுதான் பிடித்தது, முதலாளி பார்ப்பதற்குள் பழைய வெர்ஷனுக்குத் திருப்பிவிட்டோம். அந்த இரண்டு படத்தையும் அந்த மாத ரிப்போர்ட்டில் முதல் பக்கத்தில் போட்டோம். ஏஎம்சி புதுப்பிக்கும்போது அவர் பேரம் பேசவில்லை.

லாகின் செய்து பார்க்க வேண்டிய பக்கங்களை மட்டும் இன்னும் வெளியே கொடுப்பதில்லை. மருத்துவமனையின் அப்பாயின்ட்மென்ட் பட்டியல் மாதிரி பக்கங்களுக்கு லாகின் குக்கீயை மூன்றாவது ஆளின் சர்வருக்கு அனுப்ப வேண்டும், அங்கே படம் எத்தனை நாள் சேமிப்பில் கிடக்கும் என்பது நம் கையில் இல்லை. அவற்றுக்கு என் லேப்டாப்பிலேயே பப்பெட்டியர் மாதிரியான ப்ளேரைட்டில் எழுதிய ஸ்கிரிப்ட், நோயாளி பெயர் வரும் கட்டத்தை மங்கலாக்கிவிட்டு எடுக்கிறது.