பிள்ளைக் காம்பராவில் இரண்டு மாதம்

ஜனவரி 2, 2024 – காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்

விசா வந்துவிட்டது. ஏழாம் தேதி பெங்களூரிலிருந்து கொழும்புக்கு விமானம். ஒன்றரை மணி நேரம்தானாம். இங்கிருந்து பஸ் பிடித்துச் சென்னை போய்ச் சேர அதைவிட அதிக நேரம் ஆகும். ஆனாலும் வீட்டில் எல்லோரும் நான் எங்கோ கண்காணாத சீமைக்குப் போகிறேன் என்றே பார்க்கிறார்கள்.

செப்டம்பரில் என் மகள் பிறந்தாள், உயிரில்லாமல். முப்பத்தேழாவது வாரம். முந்தின சாயங்காலத்திலிருந்து அசைவு குறைவாக இருந்தது. காலையில் ஸ்கேன் பார்த்தபோது இதயத் துடிப்பு இல்லை. அதற்குப் பிறகும் பிரசவ வலி முழுவதும் பட்டுத்தான் அவளைப் பெற்றேன். காரணம் என்னவென்று டாக்டரால் சொல்ல முடியவில்லை.

மூன்றாம் நாள் எனக்குப் பால் கட்டியது. இப்படி நடக்கும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அத்தை குண்டுமல்லிச் சரம் வாங்கி வந்து மார்பில் வைத்துக் கட்டினார். பால் வற்ற எங்கள் பக்கம் காலங்காலமாகச் செய்கிற வைத்தியம் அது. டாக்டர் கொடுத்த மாத்திரையும் சாப்பிட்டேன். எது கேட்டதோ, வற்றிவிட்டது. அப்புறம் ரொம்ப நாளைக்குப் பூக்காரம்மா தெருவில் வந்தாலே கதவைச் சாத்திவிடுவேன்.

கல்லூரித் தோழி ஒருத்தி இலங்கையில் ஹட்டன் பக்கம் ஒரு சிறிய அறக்கட்டளையில் வேலை செய்கிறாள். தேயிலைத் தோட்டங்களில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்களுக்குப் பாட்டு, கதை, பழந்துணியில் பொம்மை தைப்பது என்று சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும் என்றாள். சம்பளம் கிடையாது, சாப்பாடும் தங்க இடமும் உண்டு. நான் எல்கேஜி டீச்சர், இது எனக்குத் தெரிந்த வேலைதான்.

அங்கே போய்க் குழந்தைகள் நடுவில் எப்படி இருப்பாய் என்று அம்மா அழுகிறாள். இங்கே குழந்தைகளே இல்லாத ஊரா? கைக்குழந்தையோடு வருகிற சொந்தக்காரர்கள் என்னைப் பார்த்ததும் பிள்ளையை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொள்கிறார்கள். எனக்கு வலிக்குமே என்று சிலர், கண்ணு பட்டுவிடுமோ என்று சிலர். வளைகாப்புக்குக் கூப்பிட வருகிறவர்கள் அத்தையை மட்டும் வாசலுக்கு அழைத்து மெதுவாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். யார் மேலும் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் இப்படியே இருந்தால் நான் எதற்கும் ஆகாதவளாகிவிடுவேன் என்று பயமாக இருக்கிறது.

என் வீட்டுக்காரர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "திரும்பி வந்துடுவ இல்ல?"

ஜனவரி 10 – ஹட்டன்

கொழும்புக் கோட்டையிலிருந்து ரயில். மேலே ஏற ஏற இரண்டு பக்கமும் தேயிலை. குளிர் எலும்பு வரை போகிறது. கிருஷ்ணகிரி மார்கழிக்கு வாங்கின ஸ்வெட்டர் இங்கே காணாது.

நான் போகும் இடத்தைப் பிள்ளைக் காம்பரா என்கிறார்கள். லயங்களுக்கு, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, கீழே தகரக் கூரை போட்ட ஒரு நீளமான அறை. உத்தரத்தில் வரிசையாகப் பழைய சேலையில் ஏணைகள். விடிந்தும் விடியாமலும் பெண்கள் பிரட்டுக்கு (காலையில் பேர் பதிந்து வேலை பிரித்துக் கொடுக்கும் இடம்) போகிற வழியில் பிள்ளைகளை இங்கே விட்டுவிட்டு மலை ஏறிவிடுகிறார்கள். ஆயம்மா என்று எல்லோரும் கூப்பிடும் ஐம்பது வயதுக்காரர்தான் பொறுப்பு. உதவிக்கு ஒரு சின்னப் பெண்.

போன முதல் நாளே ஆயம்மா கேட்டார்.

"புள்ளைங்க எத்தன?"

இந்தக் கேள்விக்குப் பயந்துதான் ஊரில் கல்யாண வீடுகளுக்கே போகாமல் இருந்தேன். பிறந்தது, இல்லை என்று சொன்னேன். அவர் கையில் இருந்த வேலையை நிறுத்தவில்லை.

"என்ன புள்ள?"

"பொம்பளப் புள்ள."

"பேரு வச்சியா?"

வைத்திருந்தேன். என் வீட்டுக்காரருக்கும் எனக்கும் தவிர யாருக்கும் தெரியாத பெயர். ஆயம்மாவிடம் சொன்னேன். அவர் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். "நல்ல பேரு. சரி, இவனக் கொஞ்சம் புடி, நான் தண்ணி வச்சிட்டு வாறேன்." ஏணையில் அழுதுகொண்டிருந்த பையனைத் தூக்கி என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

நான்கு மாதமாக யாரும் என் கையில் ஒரு குழந்தையைக் கொடுத்ததில்லை. கை தானாகவே தலைக்குக் கீழே போய்த் தாங்கிக்கொண்டது. அழுகையை அடக்க முடியவில்லை. அந்தப் பையன் என் கண்ணாடியைப் பிடுங்குவதிலேயே குறியாக இருந்தான்.

ஜனவரி 15 – தைப்பொங்கல்

லயத்து வாசலில் பொங்கல் வைத்தார்கள். கோலம், கரும்பு எல்லாம் உண்டு. ஆயம்மா வீட்டில் படையல் போடும்போது ஓரமாக ஒரு சின்ன இலை தனியாக இருந்தது. யாருக்கு என்று கேட்டேன்.

இவர்களுடைய முன்னோர்கள் ராமேஸ்வரம் பக்கமிருந்து தோணியில் வந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரை நடந்தே வந்தவர்கள். தேயிலைக்கு முன்னால் காப்பித் தோட்டம் இருந்த காலம். வழியிலேயே காலராவிலும் காய்ச்சலிலும் எத்தனையோ பேர் செத்தார்கள். அப்படி ஒரு கூட்டத்தோடு வந்த ஆயம்மாவின் பாட்டிக்குப் பாட்டி, தன் கைக்குழந்தையை வழியில் பறிகொடுத்துவிட்டாராம். குழி தோண்டிப் போட்டுவிட்டு, கங்காணி அவசரப்படுத்த, நடந்தே ஆக வேண்டியிருந்தது. அந்த இடம் எது என்று அவருக்கே பிறகு தெரியவில்லை. ஆனால் அந்தப் பிள்ளைக்கு ஒவ்வொரு பொங்கலுக்கும் இலை போட்டார். அவர் மகள் போட்டாள், இப்போது ஆயம்மா போடுகிறார். அந்தப் பயணம் தொடங்கி 200 வருஷம் ஆனதை ஒட்டிப் போன வருஷம் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு அதே வழியில் மக்கள் நடந்தார்கள். ஆயம்மாவின் மகனும் கொஞ்ச தூரம் போய் நடந்துவிட்டு வந்தானாம்.

பூர்விகம் எது என்று கேட்டால் "சேலம் ஜில்லா" என்கிறார். அதற்கு மேல் விவரம் இல்லை. கிருஷ்ணகிரியும் தர்மபுரியும் 1965 வரை சேலம் ஜில்லாதான் என்றேன். "அப்ப நீ எங்க ஊருப் புள்ள" என்று இன்னொரு கரண்டி பொங்கல் வைத்தார்.

எங்கள் ஊரில் கன்னியாகச் செத்துப்போன பெண்ணைப் பூவாடைக்காரி என்று துணி வைத்துக் கும்பிடுகிறோம். என் மகளுக்கு எதுவும் கிடையாது. பதினாறாம் நாள் கிடையாது, திதி கிடையாது. நகராட்சியில்கூட, 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி, இறந்து பிறக்கும் குழந்தைக்குப் பிறப்புப் படிவமும் இல்லை, இறப்புப் படிவமும் இல்லை. தனியாக ஒன்று வைத்திருக்கிறார்கள். தேதி, ஆணா பெண்ணா, அப்பா பெயர், அம்மா பெயர், அவ்வளவுதான் நாங்கள் சொல்லி எழுதியது. ராத்திரி முழுக்க அந்தச் சின்ன இலையையே நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன்.

ஜனவரி 24

வேலை பிடித்துப்போய்விட்டது. காலையில் பாட்டு, அப்புறம் கதை. மத்தியானம் பிள்ளைகள் தூங்கும்போது ஆயம்மாவும் அந்தப் பெண்ணும் நானும் உட்கார்ந்து பொம்மை தைக்கிறோம். ஆயம்மாவுக்குத் தெரிந்த தாலாட்டுகளைக் கேட்ட பிறகு, நான் கொண்டுவந்த ரைம்ஸ் புத்தகத்தைப் பையிலேயே வைத்துவிட்டேன்.

தேத்தண்ணி நேரத்தில் பால் கொடுக்கிற அம்மாக்கள் மலையிலிருந்து ஓடி வருகிறார்கள். கூடையை வாசலில் இறக்கி, கையைக் கழுவி, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்தால்தான் அவர்களுக்கே மூச்சு வருகிறது. கொஞ்ச நேரம்தான், மறுபடி மேலே. இந்தத் தோட்டத்தில் ஒரு நாளைக்குப் பதினெட்டு கிலோ கொழுந்து காட்ட வேண்டும், குறைந்தால் அரைப்பேர் போட்டுவிடுவார்கள், பாதிச் சம்பளம்தான். முழுப்பேருக்கு நாள் சம்பளம் 2021-லிருந்து ஆயிரம் ரூபாய், இலங்கைப் பணம். நம் பணத்தில் 260 சொச்சம். விலைவாசி ஏறிக் கிடக்கும் இந்த நாட்டில் அதை வைத்துப் பால்மாவு வாங்கவே யோசிக்க வேண்டும். மிட்வைஃப் வந்து எடை பார்த்து, எடை குறைந்த பிள்ளைகளுக்குத் திரிபோஷா மாவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறார், நம் அங்கன்வாடியில் சத்துமாவு கொடுப்பதைப் போல.

இதைப் பார்த்து என் துக்கம் சின்னதாகிவிட்டது என்று எழுத மாட்டேன். ஒருத்தி கஷ்டத்தை இன்னொருத்தி கஷ்டத்தோடு தராசில் வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் காலையில் எழுந்தால் என் கைக்கு வேலை இருக்கிறது. அது போதுமாக இருக்கிறது.

பிப்ரவரி 3

இன்று ஒன்றும் உதவவில்லை. புதிதாக ஒரு பெண் குழந்தை சேர்ந்தது, செப்டம்பரில் பிறந்ததாம். குப்புற விழுந்து தலையைத் தூக்கிப் பார்க்கிறது. மத்தியானமே அறைக்கு வந்துவிட்டேன்.

பிப்ரவரி 4

ஆயம்மா ஒன்றும் கேட்கவில்லை. "அந்தப் புள்ளைய நீ தூக்க வேணாம், நாங்க பாத்துக்கிறோம். உனக்குத் தோணுறப்ப தூக்கு" என்றார். ஊரில் என்னிடமிருந்து குழந்தைகளை விலக்கி வைத்தவர்கள் என்னைக் கேட்டுச் செய்யவில்லை. இங்கே முடிவு என் கையில் இருந்தது. மூன்று நாலு நாள் கழித்துத் தூக்கலாம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

பிப்ரவரி 18

தூக்கினேன். கனமான குழந்தை.

கிளம்ப வேண்டிய நாள் நெருங்குகிறது. இங்கே வந்தவுடனேயே தோழி ஒன்று சொல்லியிருந்தாள்: பிள்ளைகள் உன்னிடம் ஒட்டிக்கொண்டு நீ போனதும் ஏங்கும்படி வைத்துக்கொள்ளாதே, உன் வேலை ஆயம்மாக்களோடுதான். இப்போது அது எவ்வளவு சரி என்று புரிகிறது. மனசு ஆற வேண்டும் என்று வருகிற ஆட்களுக்கு இந்தப் பிள்ளைகள் மருந்து இல்லை. அவர்களுக்கென்று அம்மாக்கள் மலையில் இருக்கிறார்கள். என்னைப்போல யாராவது இப்படிப் போக நினைத்தால், முதலில் அங்கே உண்மையிலேயே தேவைப்படுகிற வேலை ஒன்று உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பாட்டும் தையலும் ஆயம்மாவிடம் தங்கும். பக்கத்துத் தோட்டத்து ஆயம்மாக்களும் கற்றுக்கொள்ள வருகிறார்கள்.

மார்ச் 5 – காவேரிப்பட்டணம்

வீடு. வெயில் ஏறத் தொடங்கிவிட்டது. களியும் கீரையும் சாப்பிட்டுவிட்டு இரண்டு நாள் தூங்கினேன்.

சித்தி மகள் கைக்குழந்தையோடு என்னைப் பார்க்க வந்தாள். வழக்கம்போல் பிள்ளையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். "குடு அவன" என்று கையை நீட்டினேன். அவள் அத்தையைப் பார்த்தாள், அத்தை என்னைப் பார்த்தார். கொடுத்தாள். அத்தைக்கு அன்று முழுக்க எதையாவது சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்வதே வேலையாக இருந்தது.

மகளுக்கு வீட்டில் ஒரு இலை போட வேண்டும் என்று அத்தையிடம் கேட்டுவிட்டேன். "நம்ம வழக்கத்துல இல்லையே கண்ணு" என்றார். பேச்சு அதோடு நின்றது. நான் விடப் போவதில்லை.

மார்ச் 17

அவளை எங்கே புதைத்தீர்கள் என்று அவரிடம் இன்றுதான் கேட்டேன். அன்று அவரும் மாமாவும் பெரியப்பாவும் தூக்கிக்கொண்டு போனார்கள், பெற்றவள் போகக் கூடாது என்பது வழக்கம். அதற்குப் பிறகு நான் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை.

வண்டியில் கூட்டிப்போனார். எங்கள் மாந்தோப்பு, கடைசி வரிசை. தோத்தாபுரி மரங்களில் பிஞ்சு இறங்கியிருக்கிறது. வரப்போரம் பெரிய கற்களாக அடுக்கி வைத்திருந்தார். நாய் தோண்டிவிடக் கூடாதே என்று அன்றைக்கே வைத்தாராம். தண்ணீர் பாய்ச்ச வரும்போதெல்லாம் இங்கே வந்து உட்கார்ந்துவிட்டுத்தான் போவாராம். நான் ஹட்டனில் இருந்தபோது தினமும் வந்திருக்கிறார்.

ஆறு மாதமாக இந்த மனுஷனிடம் யாருமே "நீ எப்படி இருக்கிறாய்" என்று கேட்கவில்லை, நானும்தான். கேட்டவர்கள் எல்லோரும் "சம்சாரம் எப்படி இருக்காங்க" என்றே கேட்டிருக்கிறார்கள். அங்கேயே உட்கார்ந்து ஆயம்மாவின் இலைக் கதையை அவரிடம் சொன்னேன். மகள் பெயரைச் சொல்லித்தான் பேசினோம், இரண்டு பேரும், வெளிச்சம் போகும் வரைக்கும்.

ஏப்ரல் 19

ஓட்டுப் போட வரிசையில் நின்றபோது பக்கத்துத் தெரு அக்கா விஷயத்தைச் சொன்னார். போச்சம்பள்ளியில் அவருடைய தங்கை மகளுக்குப் போன வாரம் எட்டாம் மாதத்தில் குழந்தை இறந்து பிறந்ததாம். யாரிடமும் பேச மாட்டேன் என்கிறாளாம். "நீ ஒரு தடவ வந்து பாக்குறியா கண்ணு?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

அவள் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள். குழந்தைதான் இல்லையே, எப்போது டூட்டிக்கு வருகிறாய் என்று சூப்பர்வைசர் போன் செய்துவிட்டாராம். 1961-ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம் குழந்தை என்று சொல்லும்போது இறந்து பிறந்த குழந்தையையும் சேர்த்தே சொல்கிறது. எனக்கு இது செப்டம்பரில் தெரியாது. அந்தப் பக்கத்தைக் கடைத்தெருவில் பிரிண்ட் எடுத்து வைத்துவிட்டேன். பால் கட்டியிருந்தால் என்ன செய்வது, எந்த அளவுக்கு வலித்தால், காய்ச்சல் வந்தால் உடனே டாக்டரிடம் போக வேண்டும் என்றும் ஒரு தாளில் எழுதியிருக்கிறேன். அவள் அம்மாவிடம் கொடுக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை போகிறோம். அன்று போச்சம்பள்ளியில் சந்தை, பஸ்ஸில் நிற்க இடம் இருக்காது, விடியற்காலையிலேயே வண்டியில் போய்விடலாம் என்று அவர் சொல்லிவிட்டார். அவரும் வருகிறார், அந்தப் பெண்ணின் வீட்டுக்காரரிடம் பேசவும் ஆள் வேண்டுமே என்று.